சுந்தரியக்காவுக்கு யார் போணி பண்ணுவது?

சண்முகசுந்தரி வீட்டுக் கத்தரிக்காயை அவள் புருஷன் சுடலைராஜ்தான் வாங்கி வருகிறான். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். கப்பல் வயிற்றிலிருந்து கன்டெய்னரைக் கைக்குழந்தையைத் தூக்குகிற பதத்தில் தூக்கி இறக்குவான். கத்தரிக்காயில் மட்டும் சொத்தை எது, நல்லது எது என்று அவனுக்குப் பிடிபடாது. அந்த வீட்டுக் குழம்பைப் பற்றி விசாரிக்காமல் இருப்பதே மரியாதை.

அவளே மார்க்கெட்டுக்குப் போகலாமே என்றால், முடியாது. விடிகாலையில் அவள் தலை தெரிந்தால் போதும், "யக்கா, இங்கன வாங்க, ஒரு பச்சமொளகாயாவது எடுத்துட்டுப் போங்க" என்று நாலு பக்கத்திலிருந்தும் கூப்பாடு கிளம்பும். ஒருமுறை முருங்கைக்காய்க்காரியும் வெங்காயக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்த இழுப்பில், வலது கை இடது கையைவிட ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. நம்பாதவர்கள் மட்டக்கடைத் தையல்காரரிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அவளுடைய ரவிக்கைக்கு அவர் அன்றிலிருந்து இரண்டு கைக்கும் இரண்டு அளவு எடுக்கிறார்.

எல்லாம் கைராசி செய்கிற வேலை. அவள் கையால் முதல் வியாபாரம் நடந்தால், அதாவது அவள் போணி பண்ணினால், அந்தக் கடை அன்றைக்குப் பிய்த்துக்கொண்டு போகும் என்று தூத்துக்குடி நம்பியது. காய்கறிக்காரர்கள் நம்பினால் பரவாயில்லை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளும் நம்பின. அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள்.

ஆத்தூரில் வெற்றிலைக்கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, பி.காம். முடித்து, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள் சுந்தரி. ஹார்பர் ரோட்டில், வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு கஸ்டம்ஸ் காகிதம் முடித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் வருடக்கணக்காக வேலை பார்த்தாள். அங்கே உப்புக் கம்பெனிக்காரர்களும் நூல் மில்காரர்களும் நேராக ஏ.சி. அறைக்குள் போவார்கள். முருங்கை இலைப் பொடி ஒரு மூட்டை, காய்ந்த பூ நாலு பெட்டி என்று வருகிற சின்ன ஆட்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானம் தூங்கி விழுந்து, சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு யோசனை முளைத்தது. எந்தச் சரக்குக்கு எந்தக் காகிதம் என்று போனிலேயே கேட்டு வாங்கிப் பூர்த்தி செய்து, நாலைந்து பேருடைய சின்னப் பெட்டிகளை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பிவைக்க ஒரு ஆப். பேர்கூட வைத்துவிட்டாள்: சரக்குவழி.

எழுதித் தர ஆள் வேண்டுமே! கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளெல்லாம் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் சென்னைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆகவே முதலில் ஆட்களைச் சேர்ப்போம், பிறகு நம் கடையைத் திறப்போம் என்று முடிவு செய்தாள். ஆபீஸ் வேலையை விட்டாள். மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றின் மாடியை வாடகைக்குப் பிடித்து, நீள மேஜை, மின்விசிறி, இணைய வசதி எல்லாம் போட்டு, வாசலில் போர்டு மாட்டினாள்: 'முத்துநகர் ஸ்டார்ட்அப் கூடம். சனிக்கிழமை தோறும் கூட்டம். வாருங்கள்.'

யாரும் வரவில்லை. முதல் சில சனிக்கிழமைகளில் சுவரில் பூத்திருந்த உப்புதான் அவள் பேச்சைக் கேட்டது.

பிறகு ஸ்டெபின் வந்தான். புன்னைக்காயல் பையன், அப்பாவுக்குச் சொந்த வள்ளம். அன்றன்றைக்குக் கரைக்கு வரும் மீனை ஏலக்காரர் கைக்குப் போகுமுன் ஊர் அடுப்படிகளுக்கு நேராக விற்க ஆப் எழுதிக்கொண்டிருந்தான். காற்றுக்காகத்தான் வந்தான்; அவன் வீட்டு விசிறி ரிப்பேர். ஆப் தயாரானதும், அவனுக்குத் தெரிந்த ஒரே வெளியாள் சுந்தரிதான் என்பதால், "யக்கா, சும்மா ஒண்ணு ஆர்டர் போடுங்க, வருதான்னு பாப்போம்" என்றான். அவள் ஒரு சீலா மீனுக்கு விரலை வைத்தாள்.

வந்தது பாருங்கள் மீன்! ஷேர் ஆட்டோவில் அதற்குத் தனி சீட்டு. வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கிச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார். வழியெல்லாம் அதைப் பார்த்தவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்கக் கேட்க, மத்தியானத்துக்குள் ஆர்டர் குவிந்து ஸ்டெபினின் போன் கொதித்தது. அதை ஐஸ் பெட்டிக்குள் மீனோடு மீனாக வைத்துத்தான் அவன் பேசினான்.

அடுத்தவள் ஜெப்ஸி. நாசரேத்தில் மூன்று தலைமுறை வாத்தியார் குடும்பம். வளைகுடா நாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீடியோவில் பாடம் நடத்தும் கம்பெனி தொடங்கினாள். "எனக்கு இந்தச் சகுனத்துல எல்லாம் விசுவாசம் கிடையாதுக்கா. டெஸ்டிங்குக்காகத்தான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு, சுந்தரிக்குக் காய்ச்சல் விடும்வரை திறப்பு விழாவைத் தள்ளிவைத்திருந்தாள். சுந்தரிக்குச் சேர்க்கப் பிள்ளை கிடையாது. தானே ஆறாம் வகுப்புக் கணக்கில் சேர்ந்தாள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டுப்பாடம் எங்கே என்று போன் அலறும். ஜெப்ஸியின் கம்பெனியோ துபாய், தோஹா என்று எகிறிப் போய்விட்டது.

அவ்வளவுதான். கூடத்தில் நாற்காலி பற்றாமல் ஜன்னல் திட்டில் ஆள் உட்கார்ந்தது. சாத்தான்குளம், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாம் வந்தன. சென்னை ரயிலிலிருந்து தலையணையோடு திரும்பி வந்த பிள்ளைகளும் உண்டு. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒருவருக்கும் சுந்தரியக்காவின் விரல் படாமல் ஆப் திறக்காது. அவளுடைய வீடு முதல் விற்பனைச் சரக்குகளால் நிறைந்தது. இறால் கிடையாது, இறால் தீனி ஒரு மூட்டை கிடந்தது. மாடு கிடையாது, மாட்டுக்குக் காய்ச்சல் பார்க்கும் கழுத்துப்பட்டை ஆணியில் தொங்கியது. உப்பளத்தை மேலேயிருந்து அளக்கும் டிரோன் ஒன்று ஃபிரிட்ஜ்மேல் குந்தியிருந்தது. விசிறி போட்டால் தானும் பறக்கவேண்டும் என்று துடிக்கும்.

சென்னையிலிருந்து முதலீட்டாளர் ஒருவர் வந்தார். "உங்க ஊர் கம்பெனிகளுக்கு மத்த ஊருக்கு இல்லாத பலம் என்ன?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கேட்ட இடமெல்லாம் விரல் சுந்தரியை நோக்கி நீண்டது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துப் போகும்போது மாடிப்படி இருட்டில் நின்று தன் போனை நீட்டி, "மேடம், நானும் ஒரு புது ஃபண்ட் ஆரம்பிக்கிறேன். சும்மா ஒரு லைக் மட்டும்..." என்றார்.

ஊர் அவளைத் தங்கத்தட்டில் வைத்துத் தாங்கியது. இறங்க மட்டும் விடவில்லை. அவள் தும்மினால் இரண்டு கம்பெனி தள்ளிப்போகும். அவள் முகம் வாடியிருந்தால், "யக்கா, வீட்ல ஒண்ணும் இல்லியே? சிரிச்ச முகமா வந்து அமுக்குங்க" என்பார்கள். கோயம்புத்தூரில் தங்கச்சியின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். உடனே ஓட்டெடுப்பு போட்டார்கள். போகலாம், போகவேண்டாம், முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துப் போகலாம் என்று மூன்று பதில். மூன்றாவது வென்றது. முகூர்த்தமில்லாத நாளில் யார் பால் காய்ச்சுகிறார்கள்? தங்கச்சி அந்தக் கோபத்தில் இன்னும் பேசுவதில்லை.

சில மத்தியானங்களில் கூடத்து ஜன்னலில் நின்று கடலைப் பார்ப்பாள். உள்ளே வர இடம் கேட்டுத் தூரத்தில் கப்பல்கள் காத்து நிற்கும். இவள் உள்ளே நின்று வெளியே போக வழி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பதற்கும் ஆள் வேண்டுமே.

ஒருவழியாக ஜெப்ஸியே பொழுது ஒதுக்கி சரக்குவழியை எழுதிக் கொடுத்துவிட்டாள். சுந்தரி இத்தனை பாடுபட்டதே இதற்காகத்தான். அந்தச் சனிக்கிழமை நல்ல பட்டு உடுத்தி, எல்லாருக்கும் மக்ரூன் வாங்கி வைத்து, எழுந்து நின்று சொன்னாள்:

"இன்னைக்கு என் கம்பெனியத் திறக்கேன். யாரு போணி பண்ணுதிய?"

மக்ரூன் கடிக்கும் சத்தமும் நின்றுபோனது.

"ஏலே ஸ்டெபினு, நீ கொழும்புக்குக் கருவாடு அனுப்பணும்னு சொன்னேல்லா? இதுல அமுக்கு."

"அனுப்பணும்க்கா. இந்த மாசம் கருவாடு சரியா காயல."

"வெயிலு மண்டையப் பொளக்குது, கருவாடு காயலியோ?"

ஸ்டெபின் தலையைச் சொறிந்தான். "உள்ளதச் சொல்லிருதேன்க்கா. எங்க கம்பெனிக்கெல்லாம் நீங்க ஞானத்தாய். ஞானத்தாய்க்குப் பிள்ள போய் ஞானஸ்நானம் குடுக்க முடியுமா? என் கை பட்டு ஒங்க ராசிக்கு ஒண்ணு ஆயிட்டுன்னு வைங்க, இவனுவ என்னயத் தோணியில ஏத்தி நடுக்கடல்ல விட்டுட்டு வந்துருவானுவ."

"ஏளா ஜெப்ஸி, ஒனக்குத்தான் விசுவாசம் கிடையாதே. நீ பண்ணு."

"எனக்கு இல்லக்கா. ஆனா விசுவாசம் உள்ளவ்வோ மத்தியிலல்லா நான் தொழில் பண்ணுதேன்" என்றாள் ஜெப்ஸி, மக்ரூனைப் பார்த்துக்கொண்டே. "அதோட, நீங்க கம்பெனிக்காரி ஆயிட்டா எங்களுக்கெல்லாம் யாருக்கா அமுக்குவா? கைராசி ரெண்டு பக்கமும் ஓடுமா என்ன?"

வீட்டில் சுடலைராஜிடம் கேட்டாள்.

"நான் எதளா அனுப்ப? கிரேனையா?" என்றான் அவன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அனுப்பலாம். ஆனா வீட்டாளு போணி செல்லாதுன்னு எங்கம்ம சொல்லும்" என்றான்.

முத்தையாபுரத்தில் பேச்சி என்ற பெண் காய்ந்த பூக்களைச் சாயமேற்றிப் பெட்டியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வெளிநாட்டிலிருந்து கேட்டவர்களுக்கு அனுப்ப வழி தெரியாமல் இருந்தவள். அவளைத் தேடிப் போய், "முதல் ஆளா நீ வா" என்று சுந்தரி அழைத்தாள். பேச்சி காதிலேயே வாங்கவில்லை. "நீங்களே வீடு தேடி வந்துட்டியளே! முதல்ல எனக்குப் போணி பண்ணுங்கக்கா" என்றாள். வாடிக்கையாளரைப் பிடிக்கப் போனவள் கை நிறையக் காய்ந்த பூவோடு வீடு திரும்பினாள்.

நாள் ஓடியது. மற்றவர்களுக்கு வாரம் தவறாமல் விரலை வைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு விரல் கிடைக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் மறுக்கவில்லை என்பதுதான் கொடுமை. திட்டினால் சண்டை போடலாம். கும்பிடுகிறவர்களிடம் என்ன செய்வது?

ஒருநாள் சுடலைராஜுக்குக் காலை ஷிஃப்ட். குழம்புக்கு வழியில்லை. எல்லாக் கடையிலும் போணி முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து, வெயில் ஏறிய பிறகு சுந்தரி மார்க்கெட்டுக்குப் போனாள். அந்நேரத்துக்கு அங்கே ஒடிந்த முருங்கைக்காயும் வாடிய கத்தரிக்காயும் வதங்கிய கீரையும்தான் இருந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு இன்னொருவரும் நின்றார். ஆவுடையப்பன் அண்ணாச்சி.

அவரைத் தெரியாதவர்கள் தூத்துக்குடியில் கிடையாது. தெரிந்தவர்கள் காலையில் எதிரே வரமாட்டார்கள். குடைக்கடை வைத்தார், மேகம் மூன்று வருஷத்துக்கு மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கடையை மூடிய மறுநாள் தாமிரபரணி கரை புரண்டது. ஐஸ் ஃபாக்டரி எடுத்தார். வலையில் விழும் மீனெல்லாம் இலங்கைப் பக்கம் குடிபோனது. கடைசியாகக் கல்யாணப் பந்தல் வாடகைக்கு விடலாம் என்று நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாங்கிப் பூஜை போட்டு முடித்த அன்று ஊரடங்கு அறிவித்தார்கள். ஒரு மனிதர் பந்தல் போட்டதற்கு உலகத்தையே மூடிவிட்டார்கள் என்று ஊரே பேசியது. அப்புறம் அவர் எந்தக் கடை வாசலில் ஏறினாலும், "அண்ணாச்சி, இன்னும் போணி ஆகல, பெறவு வாங்க" என்றார்கள். பத்து மணிக்கு முன்னால் அவருக்கு ஒரு தீப்பெட்டி விற்க ஆள் கிடையாது.

"நீ எங்க தாயி இந்நேரத்துல?" என்று கேட்டார் அவர். "ஒன்னயத்தான் விடியக்காலையில தாம்பாளம் வச்சுக் கூப்புடுதாவளே."

"கூப்புடுதாவ அண்ணாச்சி. அதான் இப்ப வாரேன்."

அவர் ஒரு கத்தரிக்காயை எடுத்து வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். சொத்தை. கீழே வைத்தார். "என்னய வராதங்காவ. ஒன்ன வா வாங்காவ. ரெண்டு பேருக்கும் கடைசியில இந்த வாடுன கத்தரிக்காதான்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் சுந்தரிக்கு யோசனை உதித்தது. கீரைக்கட்டை நழுவவிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க வெளிநாட்டுக்கு எதாவது அனுப்பணுமா?"

"அனுப்பணும். பந்தலுக்குன்னு வாங்குன இடத்துல முருங்க வச்சேன். எல பொடிச்சு வச்சிருக்கேன். கொழும்புல ஒரு கடைக்காரன் கேக்கான். ஹார்பர் ரோட்டு ஆபீஸுக்குப் போனா வாட்ச்மேனே, மத்தியானத்துக்கு மேல வாங்கங்கான். மத்தியானத்துக்கு மேல போனா, சார் சாப்புடப் போயிட்டாருங்கான்."

"எங்கிட்ட அனுப்புங்க. எனக்கு நீங்கதான் போணி."

ஆவுடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். "வெளாடாத தாயி. ஒங்கைய நம்பி இத்தன பிள்ளைய பொழைக்கி. என் கை பட்டா ஒன் ராசி முறிஞ்சு போவும்."

"முறியட்டும். அதுக்குத்தான் கேக்கேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பெரியவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியாகிவிட்டது.

"அப்பம் என் கை வெளங்காத கையின்னு நீயும் நம்புத."

சுந்தரி கீழே கிடந்த கீரைக்கட்டைக் குனிந்து எடுத்தாள். தன்னை ஊர் எப்படிப் பிடித்து இழுத்ததோ அப்படியே தானும் இவர் கையைப் பிடித்து இழுக்கிறோம். இல்லை என்று சொல்லலாம். அது பொய். ஆம் என்றும் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியல அண்ணாச்சி. ஒங்க கை வெளங்காததா இருந்தா இவ்வோ என்னய விட்டுருவாவ. வெளங்குததா இருந்தா ஒங்கள விட்டுருவாவ. ரெண்டுல ஒருத்தராவது காலையில கத்தரிக்கா வாங்கலாம்லா?"

ஆவுடையப்பன் சொத்தைக் கத்தரிக்காயை மறுபடி எடுத்து மறுபடி வைத்தார். பிறகு, "பண்ணுதேன்" என்றார். "ஆனா மறைவா பண்ண மாட்டேன். சனிக்கெழம, காலையில, மொத வியாபாரமா, எல்லாரும் பாக்க வந்து பண்ணுவேன். ஒரு நாளாவது ஒரு படி ஏறிப் போணி பண்ணணும் எனக்கு."

சனிக்கிழமை காலையில் அவர் சலவை வேட்டியும் சட்டையும், நெற்றி நிறைய விபூதியுமாக உப்புக் கிட்டங்கி மாடிப்படி ஏறி வந்தார். முதலில் பார்த்தது ஸ்டெபின். காப்பி டம்ளரோடு ஓடி வந்து படியை மறித்தான்.

"அண்ணாச்சி, இன்னும் நாங்க யாரும்..."

"தெரியும்லே. போணி ஆகல. அதுக்குத்தான் வாரேன். தள்ளு."

"யக்கா!" என்று ஸ்டெபின் உள்ளே பார்த்துக் கத்தினான். "இவரு என்னமோ சொல்லுதாருக்கா!"

"நான்தான்ல கூப்புட்டேன். வழிய விடு."

கூடத்தில் இருந்தவர்கள் லேப்டாப்புகளை மூடி மடியில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டார்கள். ஒரு பையன் மேஜைக்கடியில் போய்விட்டதாகவும் சொல்வார்கள். ஜெப்ஸி மட்டும் நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் போனை வாங்கினார். முருங்கை இலைப் பொடி, கொழும்பு, இத்தனை பெட்டி என்று நிதானமாக நிரப்பினார். ஆள்காட்டி விரலை வேட்டியில் துடைத்தார். அமுக்கினார்.

கரண்ட் போனது.

இத்தனைக்கும் அனல்மின் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கூடத்தில் எழுந்த அலறலில் கிட்டங்கிக் கூரைப் புறாக்கள் அத்தனையும் கிளம்பி வெயிலை மறைத்ததாகவும், விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று மட்டக்கடைத் தெருக்கள் முழுக்க வாசல் தெளித்ததாகவும் கேள்வி. அந்த அலறலுக்கு நடுவே ஒரே ஒருத்தி சிரித்தாள். சிரித்து, கண்ணில் நீர் வந்து, பட்டுச்சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஆர்டர் விழுந்துட்டு. போன்ல சார்ஜ் இருக்குல்லா" என்றாள் சுந்தரி.

சாயங்காலத்துக்குள் செய்தி திருச்செந்தூர் தாண்டிவிட்டது. சுந்தரியக்கா கைராசி போச்சு. அடுத்த வாரம் திறக்க இருந்த கம்பெனிகள் தேதியை மாற்றின. கூடத்து மேஜைகள் பாதி காலியாயின. வாட்ஸ்அப் குழுவில் அவளுக்கு இரங்கல் தெரிவிப்பதுபோலக் கும்பிட்ட கைகள் வரிசை வரிசையாக வந்தன.

முருங்கைப் பொடி லேசில் போகவில்லை. ஒரு காகிதம் குறைகிறது என்றார்கள். கொடுத்தாள். மழை பெய்து, ஏற்ற வேண்டிய கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் இடம் பிடித்தாள். இதெல்லாம் ஹார்பரில் எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் ஒவ்வொரு தடங்கலுக்கும் ஊர், "பாத்தியளா" என்றது. கடைசியில் பெட்டிகள் கொழும்பு போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் இன்னும் வேண்டும் என்று கேட்டார். அதற்கு மட்டும் ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் சுந்தரி விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. முந்தானையைப் பிடிக்கவில்லை. நல்ல ஊதாக் கத்தரிக்காயாக, காம்பு பச்சையாக இருப்பதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். முருங்கைக்காய்க்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டபோது லேசாக வலித்ததும் உண்மை. அன்று அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு சுடலைராஜ், "ஏளா, நம்ம வீட்டுக் கொழம்பா இது?" என்று சட்டியை எட்டிப் பார்த்தான்.

பிறகு பேச்சி வந்தாள், காய்ந்த பூப் பெட்டிகளோடு. கூடத்து வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்.

"யக்கா, போணி ஆயிட்டுல்லா?"

"ஆயிட்டு."

"அப்பம் இதப் போடுங்க. மொத ஆளா வரத்தான் பயம். ரெண்டாவது ஆளுக்கு என்ன?"

அவளுக்குப் பின்னால் உடன்குடிக் கருப்பட்டிக்காரர் வந்தார். நாசரேத்திலிருந்து ஊறுகாய்க்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் இத்தனை நாளும் யாராவது ஒருவர் முதலில் விழட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள். சரக்குவழியின் பெயர் எழுதிய முதல் கன்டெய்னரை சுடலைராஜே கிரேனில் தூக்கினான். அன்றைக்கு அதை இறக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் ஆகாயத்திலேயே ஆட்டிக்கொண்டிருந்தான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

இங்கே நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் ஊர் நிறுத்தவேண்டுமே.

"ஆவுடையப்பன் கையே வந்து அமுக்கியும் முறியாத ராசின்னா, அது எப்பேர்ப்பட்ட ராசியா இருக்கணும்!" என்று யாரோ டீக்கடையில் சொல்லி வைத்தார்கள். மறுவாரமே ஸ்டெபின் கூடத்துக்கு வந்தான். கையில் மக்ரூன் பெட்டி, இன்னொரு கையில் போன். நண்டுக்கென்று தனியாக ஒரு ஆப் எழுதியிருந்தான்.

"யக்கா..." என்று போனை நீட்டினான்.

சுந்தரி தன் விரலைப் பார்த்தாள். எதிர் நாற்காலியில் ஆவுடையப்பன் அண்ணாச்சி அடுத்த லோடுக்குக் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போகப் பார்த்தார். அவள் உட்காரச் சொன்னாள்.

"அமுக்குதேன்ல. ஆனா இனிமே நான் யாருக்கும் மொத ஆளு கிடையாது. அண்ணாச்சி மொதல்ல. நான் ரெண்டாவது."

ஸ்டெபின் முகத்தில் நண்டு ஊர்ந்தது. அண்ணாச்சியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கூரை விசிறியைப் பார்த்தான். "யக்கா, இவரு அமுக்கினதுக்குப் பெறவு நீங்க அமுக்குனா ராசி நிக்குமாக்கா?"

"எனக்கு நின்னுச்சா இல்லியா?"

அவன் மாதாவை நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனைப் பெரியவரிடம் நீட்டினான். ஆவுடையப்பன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கரண்ட் போகவில்லை. நண்டு போன போக்கு மட்டும் தனிக்கதை. புன்னைக்காயல் கழிமுகம் பூராவும் வலை போட்டும் ஆர்டருக்குப் பற்றவில்லை.

அதன்பின் வந்த திங்கட்கிழமை விடிகாலையில், நல்ல கத்தரிக்காய் வாங்கலாம் என்று சுந்தரி மார்க்கெட்டுக்குள் காலெடுத்து வைத்தாள். கத்தரிக்காய்க்காரி கடையில் ஆவுடையப்பன் அண்ணாச்சி மாட்டியிருந்தார். அவர் சட்டையை ஒருத்தி பிடித்திருந்தாள், அவர் பையை வெங்காயக்காரர் பிடித்திருந்தார். அவருக்கு வெட்கமும் சந்தோஷமுமாக முகம் சிவந்து கிடந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரை ஒரு கடை வா என்று அழைக்கிறது.

"யக்கா!" என்று கத்தரிக்காய்க்காரி எழுந்து நின்று கூவினாள். "இங்கன வாங்க! அண்ணாச்சி மொதப் போணி பண்ணியாச்சு! ரெண்டாம் போணிக்கு ஒங்களத்தான் பாத்துட்டிருக்கேன்!"

"இல்ல, மொதல்ல இங்க!" என்றாள் முருங்கைக்காய்க்காரி.

சுந்தரி திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் துரத்தியது. ஹார்பர் பஸ்ஸில் தொற்றி ஏறி, மூச்சு வாங்க, ஷிஃப்ட் முடிந்து வரப்போகிற சுடலைராஜுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், வரும்போது கத்தரிக்கா வாங்கிட்டு வந்துருங்க. காம்பப் பாத்து வாங்குங்க."

"காம்பு எப்படி இருக்கணும்?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யக்கா," என்றார் அவர், மெல்ல. "இன்னும் ஒரு டிக்கெட்டுகூடப் போகல. கொஞ்சம் பொறுங்க, மொதல்ல யாராவது ஒருத்தர் ஏறட்டும், நீங்க ரெண்டாவதுல்லா."